மரத்தாலேயே ஒரு பள்ளி அரங்கம்: தீ வெச்சுப் பார்த்துட்டு முடிவெடுத்த ஜப்பான்

ஒரு பள்ளிக்கூடம். 600 பிள்ளைகள் உட்காரும் அசெம்பிளி ஹால் கட்டணும். தூண், உத்தரம், கூரைச் சட்டம் எல்லாமே மரம். இந்த யோசனையைத் தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்: "தீப்பிடிச்சா?"

நியாயமான கேள்வி. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் மதிய உணவு சமைத்த இடத்தில் பிடித்த தீ கூரைக்குத் தாவி, 94 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. எரியக்கூடிய கூரைக்குக் கீழே பிள்ளைகளை உட்கார வைப்பது என்றாலே இங்கே பலருக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும்.

இதே பயம் ஜப்பானுக்கும் இருந்தது. அதனால் மரப் பள்ளிகளைப் பல பத்தாண்டுகள் ஒதுக்கியே வைத்திருந்தது அந்த நாடு. பிறகு திரும்பி வந்தது. எப்படி வந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்.

விட்டதும் தொட்டதும்

1934 செப்டம்பர் 21 காலை. பிள்ளைகள் பள்ளிக்கு வந்துகொண்டிருந்த நேரத்தில் முரோட்டோ சூறாவளி ஒசாகா பகுதியைத் தாக்கியது. மரப் பள்ளிக் கட்டடங்கள் வரிசையாகச் சரிந்தன. நூற்றுக்கணக்கான மாணவர்கள் இறந்தார்கள். பள்ளி என்றால் காங்கிரீட் என்ற எண்ணம் அதற்குப் பிறகு வலுவானது. போரில் மர நகரங்கள் எரிந்ததும், 1959-ல் வந்த இசே விரிகுடா சூறாவளியும் அந்த எண்ணத்தை மேலும் இறுக்கின.

இன்னொரு பக்கம், போருக்குப் பிந்தைய ஜப்பான் மொட்டையாகிப்போன மலைகளில் சுகி, ஹினோகி மரங்களை நட்டுக்கொண்டே இருந்தது. சுகி என்பது சிடார் போன்ற ஊசியிலை மரம். நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு காடு. அந்தக் காட்டில் சுமார் 40 சதவீதம் மனிதர்கள் நட்டது. மரம் வளர்ந்து நின்றது, வாங்கத்தான் ஆள் இல்லை. மலிவான இறக்குமதி மரம் சந்தையைப் பிடித்துக்கொண்டது. வெட்டாமல் நிற்கும் சுகி ஒவ்வொரு வசந்தத்திலும் மகரந்தத்தைக் கொட்ட, கோடிக்கணக்கான ஜப்பானியர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு திரிகிறார்கள். அந்த ஊரில் இது தேர்தல் வாக்குறுதி வரைக்கும் போகிற பிரச்சினை.

1985-ல் கல்வி அமைச்சகம் பள்ளிகளில் மரத்தைப் பயன்படுத்த ஊக்கம் தர ஆரம்பித்தது. 2010-ல் பொதுக் கட்டடங்களில் மரப் பயன்பாட்டை வளர்க்கத் தனிச் சட்டமே வந்தது. தாழ்வான அரசுக் கட்டடங்களை முடிந்தவரை மரத்திலேயே கட்டுவது என்பது அதன் நோக்கம். சட்டம் வந்துவிட்டது. ஆனால் மூன்று மாடிப் பள்ளியை மரத்தில் கட்ட அப்போதிருந்த தீத்தடுப்பு விதிகள் கிட்டத்தட்ட இடமே தரவில்லை. விதியைத் தளர்த்தலாமா, கூடாதா?

ஜப்பான் செய்தது எளிமையான காரியம், ஆனால் செலவு பிடிக்கிற காரியம். முழு அளவில் ஒரு மூன்று மாடி மரப் பள்ளியைக் கட்டி, அதற்குத் தீ வைத்தது.

மூன்று முறை எரித்தார்கள்

முதல் சோதனை 2012 பிப்ரவரியில், சுகுபா நகரில். கீழ்த்தளத்தில் வைத்த தீ, எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பரவியது. ஜன்னல் வழியே வெளியே வந்த ஜுவாலை, சில நிமிடங்களிலேயே மேல் மாடிகளைப் பிடித்துக்கொண்டது. பார்த்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும்.

"மரப் பள்ளி சரிப்படாது" என்று அங்கேயே ஃபைலை மூடியிருக்கலாம். மூடவில்லை. அதே ஆண்டு நவம்பரில் கிஃபு மாகாணத்தின் கெரோவில் இரண்டாவது சோதனை, 2013 அக்டோபரில் மூன்றாவது. இந்த முறைகளில் வகுப்பறையின் மேல்தட்டை எரியாத பொருளால் மூடினார்கள். ஜன்னலுக்கு வெளியே ஜுவாலை நேராக மேலே ஏறாதபடி பால்கனி போன்ற தடுப்புகளைச் சேர்த்தார்கள். சுவரில் மரம் தெரிந்தாலும் பரவாயில்லை, தலைக்கு மேலே மரம் இருந்தால்தான் அறை முழுவதும் சட்டென்று தீப்பற்றுகிறது என்பது தெளிவானது. மேல்தட்டை மாற்றியதும் தீ பரவும் வேகம் வெகுவாகக் குறைந்தது.

அந்த முடிவுகளை வைத்து 2014-ல் கட்டடச் சட்டம் திருத்தப்பட்டது. 2015 ஜூனிலிருந்து, ஒரு மணி நேரம் தீயைத் தாங்கும் வகையில் வடிவமைத்தால் மூன்று மாடி மரப் பள்ளி கட்டலாம். சட்டம் கேட்கும் அந்த ஒரு மணி நேரம், உள்ளே இருப்பவர்கள் வெளியேறவும் தீயணைப்பு வண்டி வந்து வேலை பார்க்கவும் கிடைக்கிற நேரம்.

சரி, மரம் எரியத்தானே செய்யும்?

எரியும். ஆனால் எப்படி எரிகிறது என்பதில்தான் வடிவமைப்பே இருக்கிறது.

விறகடுப்பு பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. ஓலையும் சுள்ளியும் வைத்த மாத்திரத்தில் பற்றிக்கொள்ளும். பெரிய புளியங்கட்டையை வைத்தால், வெளிப்பக்கம் கரியாகி, உள்ளே மணிக்கணக்கில் அப்படியே கிடக்கும். அந்தக் கரி அடுக்கு வெப்பத்தை உள்ளே விடாமல் தடுக்கிறது. ஊசியிலை மரம் தீயில் நிமிடத்துக்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர் வேகத்தில் கரியாகிறது என்று பொறியாளர்கள் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். வேகம் ஏறக்குறைய சீராக இருப்பதால், முன்கூட்டியே கணக்குப் போட முடிகிறது.

ஜப்பானிய விதிகளில் இதற்கு 'மொஎஷிரோ' என்று பெயர். எரிந்து போகட்டும் என்று வேண்டுமென்றே சேர்த்து வைக்கும் கனம். பலகைகளை ஒட்டிச் செய்யும் குளூலாம் உத்தரத்துக்கு 45 நிமிடம் என்றால் 35 மில்லிமீட்டர், ஒரு மணி நேரம் என்றால் 45 மில்லிமீட்டர். ஒட்டாத முழு மரத்துக்கு இதைவிடக் கூடுதல்: முறையே 45, 60 மில்லிமீட்டர்.

300 மில்லிமீட்டர் அகலமுள்ள குளூலாம் உத்தரத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் 45 போனால் மிச்சம் 210. அந்த 210 மட்டுமே கூரையைத் தாங்கும் என்று காட்டினால்தான் வரைபடத்துக்கு அனுமதி. இதோடு ஒப்பிட்டால், பாதுகாப்புப் பூச்சு இல்லாத இரும்பு எரியாது, ஆனால் 550 டிகிரி செல்சியஸ் வாக்கில் தன் வலிமையில் ஏறக்குறைய பாதியை இழந்து வளைய ஆரம்பித்துவிடும்.

இந்தக் கணக்கில் பலர் கோட்டை விடும் இடம் இணைப்பு. உத்தரம் தாங்கும், உத்தரத்தைத் தூணோடு பிடித்திருக்கும் இரும்புத் தகடும் போல்ட்டும் சூடேறினால்? அதனால்தான் நல்ல வடிவமைப்பில் தகட்டை மரத்துக்குள் ஒரு வெட்டு போட்டுச் செருகி, போல்ட்டின் தலையை மரத் துண்டால் மூடிவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருப்பதற்காகச் செய்தது போலத் தெரியும். உண்மையில் அது தீக்கணக்கு.

கும்பகோணத்தில் எரிந்தது கூரைக் கொட்டகை. மெல்லிய, காய்ந்த, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பொருள். சுள்ளி ரகம். அதோடு அது மாடியில் இருந்தது. குறுகிய படிக்கட்டு வழியே சின்னப் பிள்ளைகள் இறங்க வேண்டியிருந்தது. கனமான மரச்சட்டம் வேறு விதமாக நடந்துகொள்ளும் என்பது உண்மை. ஆனால் கதவும் படிக்கட்டும் சரியில்லாத கட்டடத்தில் அந்த வித்தியாசம் யாரையும் காப்பாற்றாது.

வகுப்பறையைவிட அரங்கம் ஏன் சுலபம், ஏன் கஷ்டம்?

ஜப்பானியப் பள்ளிகளில் அசெம்பிளி ஹாலும் உடற்பயிற்சிக் கூடமும் பெரும்பாலும் ஒன்றேதான். 'தாயிகுகான்' என்பார்கள். ஏப்ரலில் புது மாணவர் வரவேற்பு, மார்ச்சில் பட்டமளிப்பு, நடுவில் கூடைப்பந்து. நிலநடுக்கமோ வெள்ளமோ வந்தால் ஊர் மக்கள் பாய் விரித்துத் தங்குவதும் அங்கேதான். அதாவது ஊரே ஆபத்தில் இருக்கும்போது நின்றாக வேண்டிய கட்டடம்.

தீ விஷயத்தில் அரங்கத்துக்கு ஒரு சாதகம் உண்டு. பெரும்பாலும் ஒரே தளம். கதவைத் திறந்தால் நேராக மைதானம். கூரை உயரமாக இருப்பதால் தரையில் பிடிக்கும் சின்னத் தீ மேலே எட்ட நேரமாகும். நிலநடுக்கத்துக்கும் மரம் தோதானது: காங்கிரீட்டோடு ஒப்பிட்டால் எடை ஐந்தில் ஒரு பங்குதான். கூரை லேசாக இருந்தால் குலுங்கும்போது வரும் விசையும் குறையும். 2011 பெருநிலநடுக்கத்தில் பல உடற்பயிற்சிக் கூடங்களில் சட்டகம் நின்றது, தொங்கவிட்ட ஃபால்ஸ் சீலிங் விழுந்தது. அதைச் சரிசெய்யச் சொல்லிக் கல்வி அமைச்சகம் பள்ளிகளை முடுக்கியது. மரச் சட்டத்தை அப்படியே வெளியே தெரிய விட்டால், விழுவதற்குச் சீலிங்கே இருக்காது.

கஷ்டம் எங்கே என்றால், நடுவில் தூண் வைக்க முடியாது. கூடைப்பந்து ஆட வேண்டும், மேடை எல்லோருக்கும் தெரிய வேண்டும். 18, 20 மீட்டர் அகலத்தை ஒரே தாவில் தாண்ட வேண்டும். ஆனால் ஐம்பது அறுபது வருடத் தோட்டக்காட்டு சுகியில் கிடைப்பது பெரும்பாலும் வீடு கட்டும் அளவு மரம்தான்: 105 அல்லது 120 மில்லிமீட்டர் சதுரம், 3 முதல் 4 மீட்டர் நீளம்.

இரண்டு வழி. ஒன்று, பலகைகளை ஒட்டி 20 மீட்டர் குளூலாம் உத்தரம் செய்வது. கட்டுவது வேகம், கணக்கு சுத்தம். ஆனால் அதற்கான ஆலை பக்கத்து ஊரில் இருக்காது. உள்ளூர் மரம் லாரியில் ஏறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்த் திரும்பி வரும். இன்னொன்று, சின்னச் சின்ன மரங்களை முக்கோண முக்கோணமாகப் பிணைத்து டிரஸ் கட்டுவது. உள்ளூர் மர அறுவை மில்லும் உள்ளூர் தச்சர்களும் செய்துவிடலாம். இணைப்புகள் ஏராளம், வேலை நாள் கூடும். தீக்கணக்கும் இதில் இடிக்கிறது: மெல்லிய மரத்தில் 45 மில்லிமீட்டரைத் தீக்குக் கொடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? 'உள்ளூர் மரம், உள்ளூர் கை' என்பதும் 'கனமான மரமே தீயைத் தாங்கும்' என்பதும் ஒன்றையொன்று இழுக்கும் இடம் இது. எந்த அரங்கமும் இரண்டையும் முழுசாகப் பெற்றுவிடுவதில்லை.

காலண்டர் தொல்லை வேறு. பச்சை மரத்தை வெட்டி உடனே உத்தரமாக்க முடியாது. வெட்டி, அறுத்து, காயவைக்க மாதக்கணக்கில் ஆகும். ஆனால் அரசு பட்ஜெட் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. டெண்டர் எடுத்த கான்டிராக்டர் அதற்குப் பிறகு மரம் தேட ஆரம்பித்தால், உள்ளூர் மரம் கனவுதான். கிடைக்கிற இறக்குமதியை வாங்கிப் போட்டுவிடுவார். அதனால் சில உள்ளாட்சிகள் கட்டுமான டெண்டருக்கு முந்தைய வருடமே மரத்தைத் தனியாக வாங்கிக் காயவைத்து, பிறகு கான்டிராக்டர் கையில் கொடுக்கின்றன. பசுமைக் கட்டடம் பற்றிய பளபளப்பான படங்களில் இந்த டெண்டர் தந்திரம் வரவே வராது. ஆனால் பாதி வேலை இதுதான்.

கார்பன் கணக்கு எவ்வளவு உண்மை?

காய்ந்த மரத்தின் எடையில் சுமார் பாதி கார்பன். ஒரு கன மீட்டர் சுகி காய்ந்த நிலையில் ஏறக்குறைய 320 கிலோ. அதில் 160 கிலோ கார்பன். மரம் வளரும்போது காற்றிலிருந்து இழுத்த கார்பன் டை ஆக்சைடாக மாற்றினால் சுமார் 590 கிலோ. ஒரு அரங்கத்துக்கு 200 கன மீட்டர் மரம் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 118 டன்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது சேமிப்புக் கணக்கு மட்டும். கட்டடத்தை இடித்து மரத்தை எரித்தால் அத்தனையும் திரும்பக் காற்றுக்கே போகும். வெட்டிய இடத்தில் மறுபடி நடாவிட்டால் கணக்கே இல்லை. அறுப்பது, உலைச் சூட்டில் காயவைப்பது, பசை, லாரி எல்லாவற்றையும் கழிக்க வேண்டும். எனவே மர அரங்கம் நிலைத்தன்மை உள்ளதா என்பதற்குப் பதில் அது எத்தனை ஆண்டு நிற்கும் என்பதில்தான் பெரிதும் இருக்கிறது.

அதைத் தீர்மானிப்பது தீயைவிடத் தண்ணீர். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சைக்கு வேலை இல்லை. அதைத் தாண்டி ஈரமாகவே கிடந்தால் உளுத்துப்போக ஆரம்பிக்கும். அதனால்தான் நீளமான தாழ்வாரம், தூணின் அடி தரையைத் தொடாதபடி கல் அல்லது காங்கிரீட் பீடம், கசிந்தால் உடனே கண்ணில் படும்படியான கூரை விளிம்பு. சுவரின் மரச்சட்டத்துக்குத் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரை உளுக்காமல் இருக்கவும், தேவையான இடங்களில் கரையான் அண்டாமல் இருக்கவும் வழிசெய்ய வேண்டும் என்று ஜப்பானிய விதியே சொல்கிறது.

பராமரிப்பும் சேர்ந்ததுதான் வடிவமைப்பு. உடற்பயிற்சிக் கூடத் தரையின் மரச் சிம்பு உடம்பில் குத்தி மாணவர்கள் மோசமாகக் காயமடைந்த சம்பவங்களை ஆராய்ந்த ஜப்பானிய நுகர்வோர் பாதுகாப்புக் குழு 2017-ல் ஒரு அறிக்கை தந்தது. தண்ணீர் விட்டுத் துடைப்பதும் மெழுகு போடுவதும் தரையைக் கெடுக்கிறது, இரண்டையும் நிறுத்துங்கள் என்று பள்ளிகளுக்குச் சொல்லப்பட்டது. எந்த நல்ல மனசுக்காரப் பணியாளரும் தினமும் செய்யக்கூடிய வேலை அது.

நம்ம வெயிலுக்கும் மழைக்கும் சரிப்படுமா?

குளிர்நாட்டு மரத்தைக் கொண்டுவந்து வெப்பமண்டலத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு சிங்கப்பூர் பக்கத்திலேயே ஒரு பாடம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2017-ல் 'தி வேவ்' விளையாட்டரங்கம் வந்தது; நடுவில் தூணே இல்லாமல் 72 மீட்டர் தாவும் மரக் கூரை. 2023-ல் அதே வளாகத்தில் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் டோயோ இட்டோ வடிவமைத்த 'கயா' திறக்கப்பட்டது. 43,500 சதுர மீட்டர், ஆறு மாடி, விருது மேல் விருது. சில காலத்திலேயே மரத்தில் பூஞ்சை தென்பட்டதாகச் செய்திகள் வந்தன. எரியாமல் நிற்க வைக்கும் கணக்கைப் போட்டுவிடலாம். காற்றில் ஈரம் நிரம்பிய ஊரில் வெளியே தெரியும் மரத்தைத் தினமும் பார்த்துக்கொள்வது வேறு வேலை.

தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் பன்யாடன் பள்ளி வேறு பாதையில் போனது. 2017-ல் கட்டி முடித்த அதன் அரங்கம் முழுக்க மூங்கில். 782 சதுர மீட்டர், 300 மாணவர்கள் கொள்ளளவு, இரும்பு வலுவூட்டல் இல்லாமலேயே 17 மீட்டருக்கு மேல் தாவும் மூங்கில் டிரஸ்கள். பூச்சி அரிக்காமல் இருக்க மூங்கிலை போராக்ஸ் உப்பில் பதப்படுத்தினார்கள். பக்கங்கள் திறந்தே இருக்கின்றன, காற்று தானாக ஓடுகிறது, ஏசி கிடையாது. குறைந்தது 50 ஆண்டு நிற்கும் என்பது கட்டியவர்களின் எதிர்பார்ப்பு. மூங்கில் மரமே கிடையாது, புல். சில ஆண்டுகளில் வெட்டலாம், மறுபடி தானே தளிர்க்கும். ஆனால் அது உள்ளே கூடு. கனமான உத்தரம்போல மெதுவாகக் கரியாகாது. அதனால் தீ விஷயத்தில் அதற்குப் பக்கபலம், பக்கங்கள் திறந்திருப்பதும் தரைத்தளத்தில் இருப்பதும்தான்.

இந்தியாவில் நிலைமை?

மத்திய பொதுப்பணித் துறை 1993-ல் தன் கட்டடங்களில் மரத்தைத் தடை செய்தது. காரணம் தீ இல்லை, காடு அழிவு. அந்தத் தடை 2020-ல் நீக்கப்பட்டது. 2017-ல் வனச் சட்டத்தைத் திருத்தி, மூங்கிலை 'மரம்' என்ற பட்டியலிலிருந்து எடுத்தார்கள். காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை வெட்டி ஏற்றிச் செல்வது சுலபமானது. 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பில் மரத்துக்கும் மூங்கிலுக்கும் தனித்தனிப் பகுதிகள் இருக்கின்றன. கும்பகோணத்தைக் குறிப்பிட்டு 2009-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, பாதுகாப்பான பள்ளியில் படிப்பதும் கல்வி உரிமைக்குள் அடங்கும் என்று சொல்லிவிட்டது.

ஆக, சட்டம் இப்போது கதவைச் சாத்தி வைத்திருக்கவில்லை. ஆனால் நம் சவுக்கையும் சில்வர் ஓக்கையும் ஒட்டிச் செய்த உத்தரம் நிமிடத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் கரியாகும், அதன் பசை கோடையில் தகரக் கூரைக்கடியில் எத்தனை வருடம் பிடிக்கும் என்பதை ஜப்பானிய அட்டவணையைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஒரு பள்ளி நிர்வாகம் மர அரங்கத்துக்குத் திட்டம் கேட்டால், ஆர்க்கிடெக்ட் காட்டும் வண்ணப்படத்தைப் பார்க்கும் முன் கேட்க வேண்டியவை இவை: இந்த மரத்தைத் தீயில் வைத்துச் சோதித்த சான்றிதழ் எங்கே? போல்ட் மரத்துக்குள் இருக்கிறதா, வெளியே தெரிகிறதா? 600 பிள்ளைகள் வெளியேற எத்தனை கதவு, எல்லாம் வெளிப்பக்கமாகத் திறக்கின்றனவா, விழா நாளில் அவற்றைப் பூட்டி வைக்கும் பழக்கம் இருக்கிறதா?

கடைசிக் கேள்விக்கான பதில் மட்டும் ஆர்க்கிடெக்ட்டிடம் இருக்காது. வாட்ச்மேனிடம் கேட்க வேண்டும்.